125 கிராம் ரொட்டியும் திக்வின் ரயில் நிலையமும்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை சோவியத் நகரமான லெனின்கிராடைச் சுற்றி வளைத்த முற்றுகை என்று பேச்செடுத்தால் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, ஆளுக்கு 125 கிராம் ரொட்டி. இன்னொன்று, உறைந்த லடோகா ஏரியின்மேல் ஓடிய லாரிகள். இரண்டும் உண்மைதான். ஆனால் லாரி ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆன பிறகும் ரேஷன் ஏன் ஏறவில்லை, டிசம்பர் 25 அன்று மட்டும் ஏன் ஏறியது என்று கேட்டுப் பாருங்கள். பதில் நகரத்துக்குள்ளும் இல்லை, ஏரியின்மேலும் இல்லை. கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி, திக்வின் என்ற சின்ன ரயில் ஊரில் இருக்கிறது. ஸ்டாலின்கிராட், கூர்ஸ்க் பெயர்கள் தெரிந்த அளவுக்கு இந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 1941-ல் லெனின்கிராட் பிழைத்ததற்கு முதல் காரணம் அங்கே நடந்த சண்டைதான் என்பது என் கட்சி.

முதலில் வரைபடம். லெனின்கிராடுக்கு மேற்கே பின்லாந்து வளைகுடா, கிழக்கே லடோகா ஏரி. வடக்கே கரேலிய நிலச்சந்தியில் பின்லாந்துப் படை 1939-க்கு முந்தைய பழைய எல்லைவரை வந்து, அதை ஒட்டியே நின்றுவிட்டது. தெற்கிலிருந்து ஜெர்மனியின் வடக்குப் படைத்தொகுதி, பீல்ட் மார்ஷல் ஃபான் லேப் தலைமையில். 1941 ஆகஸ்ட் 30-ல் ம்கா ரயில் சந்திப்பு போனது. அதோடு நகரத்தை நாட்டோடு இணைத்த கடைசி ரயில் பாதை அறுந்தது. செப்டம்பர் 8-ல் நேவா ஆறு லடோகாவிலிருந்து புறப்படும் இடத்தில் இருக்கும் ஷ்லிசெல்பர்க் விழுந்தது. அன்றிலிருந்து தரைவழி என்று எதுவும் இல்லை. ஏரியின் தென்கரையில் ஒரு துண்டு மட்டும் சோவியத் கையில் மிஞ்சியது.

பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த வோரோஷிலோவை மாற்றிவிட்டு, ஸ்டாலின் தளபதி ஜூகோவை அனுப்பினார். ஒரு மாதத்துக்கும் குறைவாகவே அவர் அங்கே இருந்தார். ஜூகோவ் வந்ததால்தான் நகரம் விழவில்லை என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மை. நேரடியாகத் தாக்கிப் பிடிக்க வேண்டாம், சுற்றி வளைத்துப் பட்டினி போட்டால் போதும் என்று ஹிட்லர் முடிவெடுத்ததும், லேபின் கவசப்படையை மாஸ்கோ தாக்குதலுக்காக உருவிக்கொண்டதும் அதே நாட்களில்தான். அதன் பிறகு எதிரி நம்பியது பீரங்கியை அல்ல, காலண்டரை.

உள்ளே எத்தனை பேர்? நகரத்தில் மட்டும் சுமார் 25 லட்சம் பொதுமக்கள். அதில் 4 லட்சம் குழந்தைகள். வளையத்துக்குள் அகப்பட்ட புறநகர்களில் இன்னும் 3 லட்சத்துக்கு மேல். படைவீரர்கள் தனி. இந்த வாய்களுக்கெல்லாம் கணக்குப் பார்க்க செப்டம்பரில் வந்து இறங்கியவர் திமித்ரி பாவ்லோவ். அப்போது வயது நாற்பதுகூட இல்லை. ரஷ்யக் குடியரசின் வர்த்தக ஆணையர். முற்றுகையின் தளபதிகளைவிட இவரைப் பற்றித்தான் அதிகம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பாவ்லோவ் முதலில் செய்தது இருப்பு எண்ணுவது. ஒவ்வொரு கிடங்கு, ஆலை, ராணுவ ஸ்டோர், துறைமுகக் கொட்டகை என்று ஒன்று விடாமல் எண்ணினார். அதுவரை ராணுவத்துக்கு ஒரு கணக்கு, நகராட்சிக்கு ஒரு கணக்கு, ரயில்வேக்கு ஒரு கணக்கு. செப்டம்பர் 12 நிலவரம்: மாவும் தானியமும் 35 நாளுக்கு, நொய்யும் மக்ரோனியும் 30 நாளுக்கு, இறைச்சி 33 நாளுக்கு, கொழுப்பு 45 நாளுக்கு, சர்க்கரையும் இனிப்பும் 60 நாளுக்கு.

இந்த இடத்தில் படாயெவ் கிடங்குக் கதையையும் முடித்துவிடலாம். செப்டம்பர் 8 அன்று குண்டுவீச்சில் அந்த மரக் கிடங்குகள் எரிந்தன. சர்க்கரை உருகித் தரையில் ஓடியது. ஜனங்கள் பின்னாளில் அந்த மண்ணைத் தோண்டி எடுத்து, தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் குடித்தார்கள். படாயெவ் எரிந்ததால்தான் பஞ்சம் வந்தது என்று நகரத்தில் பலர் கடைசிவரை நம்பினார்கள். கணக்கு வேறு சொல்கிறது. எரிந்த மாவு சுமார் 3,000 டன். அப்போது நகரத்துக்கு ஒரு நாளைக்கு 2,100 டன் மாவு தேவை. அதாவது ஒன்றரை நாள் ரொட்டி. சர்க்கரை இழப்பு 2,500 டன். அதிலும் ஒரு பகுதியைச் சுரண்டியெடுத்து மிட்டாய் ஆலைக்கு அனுப்பினார்கள். பஞ்சத்துக்குக் காரணம் தீ அல்ல, அறுந்த ரயில்.

2,100 டன் என்ற அந்த எண்ணைத்தான் பாவ்லோவ் கீழே இறக்க வேண்டியிருந்தது. ஜூலையில் ரேஷன் கார்டு வந்தபோது தொழிலாளிக்கு 800 கிராம் ரொட்டி, அலுவலக ஊழியருக்கு 600, குடும்பத்தை அண்டி இருப்பவருக்கும் குழந்தைக்கும் 400. செப்டம்பரில் இரண்டு முறை குறைத்தார்கள். அக்டோபர் 1 முதல் 400, 200, 200. நவம்பர் 13 முதல் 300, 150, 150. நவம்பர் 20 முதல் 250, 125, 125. கடைசிப் படியில் நகரத்தின் ஒரு நாள் மாவுச் செலவு 510 டன். இந்த 510 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

யாருக்கு எந்தக் கார்டு என்பதே உயிர் போகும் விஷயமாக இருந்தது. குழந்தைக் கார்டு 12 வயதுவரைதான். பன்னிரண்டு தாண்டிய பையன் 'அண்டி இருப்பவர்' பட்டியலுக்குப் போய்விடுவான். குழந்தைக்குக் கிடைக்கும் கொஞ்சம் கூடுதல் நொய்யும் சர்க்கரையும் அவனுக்கு இல்லை. வளரும் வயது, பெரியவர் பசி, கையில் இருப்பது மிகக் குறைந்த கார்டு. வீட்டைக் கவனிக்கும் பெண்கள், முதியவர்கள், இவர்களும் அதே பட்டியல். வரிசையில் நிற்பது, ஆற்றிலிருந்து தண்ணீர் இழுப்பது, விறகு தேடுவது எல்லாம் இவர்கள் வேலைதான். ஆனால் கார்டு கணக்கில் இவர்கள் 'வேலை செய்யாதவர்கள்'. ரொட்டி ஒன்றுதான் ஓரளவு நம்பகமாகக் கிடைத்தது. இறைச்சி, கொழுப்பு, நொய் எல்லாம் கார்டில் அச்சடித்திருக்கும், கடையில் இருக்காது.

கார்டு தொலைந்தால்? ஆரம்பத்தில் வட்டார அலுவலகத்தில் சொன்னால் புதுசு கிடைத்தது. குண்டுவீச்சில் எரிந்துவிட்டது என்று சொல்பவர்கள் மாதா மாதம் பெருகினார்கள். சிலருக்கு உண்மையாகவே எரிந்தது, சிலர் இரண்டாவது கார்டுக்காகச் சொன்னார்கள். அக்டோபர் நடுவில் எல்லாக் கார்டுகளையும் அடையாள ஆவணத்தோடு கொண்டுவரச் சொல்லி மறுபதிவு செய்து முத்திரை குத்தினார்கள். முத்திரை இல்லாத கார்டு செல்லாது. டிசம்பரில் மாற்றுக் கார்டு தரும் அதிகாரத்தை வட்டார அலுவலகங்களிடமிருந்து பிடுங்கி, மத்திய அலுவலகத்துக்கு மட்டும் வைத்தார்கள். வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் மாதத் தொடக்கத்தில் கார்டைப் பறிகொடுத்தவருக்கு அது கிட்டத்தட்ட மரண தண்டனை.

இனி அந்த ரொட்டி. ரை என்ற தானியத்தின் மாவுதான் அடிப்படை. முதலில் மதுபான ஆலைகளிலிருந்த மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய தானியம்), குதிரைகளுக்கு வைத்திருந்த ஓட்ஸையும் எடுத்து அரைத்துக் கலந்தார்கள். குதிரைகளுக்கு அவித்த மரக்கிளை. ஏரியில் மூழ்கிய படகுகளிலிருந்து முளைவிட்ட தானியத்தைக் கடற்படை முக்குளிப்பவர்கள் மேலே கொண்டுவந்தார்கள். அதை உலர்த்தி அரைத்ததில் புளித்த வாடை போகவே இல்லை. துறைமுகத்தில் கப்பல் உலையில் எரிப்பதற்காகக் கிடந்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 4,000 டன் அகப்பட்டது. நம் ஊரில் மாட்டுக்கு வைக்கும் அதே சரக்கு. பருத்திக்கொட்டையில் காசிபோல் என்ற நஞ்சு உண்டு. மனிதர் சாப்பிடலாமா என்று தயங்கினார்கள். சோதித்ததில், ரொட்டி வேகும் சூட்டில் அந்த நஞ்சு செயலிழப்பது தெரிந்தது. உடனே மாவில் சேர்ந்துவிட்டது.

அப்புறம் மரம். வனத்தொழில்நுட்பக் கல்விக்கூடத்துப் பேராசிரியர் வசீலி ஷார்கோவ் குழு, காகித ஆலையின் மரக்கூழை அமிலத்தால் பதப்படுத்தி 'உணவு செல்லுலோஸ்' செய்தது. இதில் ஊட்டம் எதுவும் கிடையாது. வயிற்றில் இடத்தை அடைக்கும், ரொட்டியின் எடையைக் கூட்டும், அவ்வளவுதான். அளவு கூடினால் ரொட்டி ஒட்டாமல் உதிர்ந்துபோகும், கசக்கும். சாக்கைத் திருப்பி உதறிய மாவுத்தூள், ஆலைச் சுவரிலும் தரையிலும் சுரண்டிய தூசு, சோள மாவு எல்லாம் உள்ளே போயின. மோசமான வாரங்களில் கலப்படம் 40 சதவீதம்வரை போனது. இதற்கு மேல் தண்ணீர்: 100 கிலோ மாவிலிருந்து 160 கிலோவுக்கும் அதிகமான ரொட்டி எடுத்தார்கள். அதனால் 125 கிராம் என்று எடைபோட்டுக் கொடுத்தது பார்வைக்கு இன்னும் சின்னதாக இருக்கும். ஈரக் களிமண் மாதிரி கனத்த, கறுத்த ஒரு துண்டு. கத்தியில் ஒட்டும். வெட்டும்போது உதிர்கிற பொறுக்குகூடத் தராசுக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் வரிசையில் சண்டை.

இறைச்சிக் கார்டுக்குத் துறைமுகத்தில் கிடைத்த 2,000 டன் ஆட்டுக்குடலை வேகவைத்து, நாற்றம் அடங்க கிராம்பு போட்டு, ஜெல்லியாக உறையவைத்துக் கொடுத்தார்கள். வீடுகளில் தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரத்தை ஊறவைத்துக் காய்ச்சினார்கள். எலும்பும் தோலும் கொண்டு செய்த பசை என்பதால் அதில் கொஞ்சம் புரதம் உண்டு. தோல் பெல்ட்டையும் அப்படித்தான். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வராமலிருக்க ஊசியிலை மரத்தின் பச்சை இலையை நசுக்கி, புளிப்புச் சேர்த்த தண்ணீரில் ஊறவைத்து வடித்த கஷாயம் எல்லா உணவகத்திலும் ஆலையிலும் வைத்திருந்தார்கள். வைட்டமின் சி அதில் நிஜமாகவே இருந்தது.

சரி, திக்வின். ம்கா போன பிறகு நகரத்துக்குச் சரக்கு வந்த வழி இது: வோலோக்தாவிலிருந்து ரயில் திக்வின் வழியாக வோல்கோவ் வரும். அங்கே சரக்கை ஆற்றுப் படகில் ஏற்றி நோவயா லடோகா. அங்கிருந்து ஏரிப் படகில் மேற்குக் கரையிலிருக்கும் ஒசினோவெட்ஸ். மறுபடி இறக்கி, சிறு ரயில் பாதையில் லெனின்கிராட். நான்கு தடவை ஏற்றி இறக்க வேண்டும். ஒசினோவெட்ஸில் ஒழுங்கான துறைகூடக் கிடையாது; மீன்பிடிக் கரை. லடோகாவின் இலையுதிர்காலப் புயல் கடல் புயலுக்குக் குறைந்ததல்ல. ஆற்றுக்காகக் கட்டிய தட்டைப் படகுகள் அதில் பிளந்து மூழ்கின. மேலே விமானம். இவ்வளவு தொல்லைக்கு நடுவிலும் அந்த வழி உயிரோடு இருந்ததற்குக் காரணம், வோல்கோவ்வரை ரயில் வந்ததுதான்.

நவம்பர் 8 அன்று ஜெர்மானிய 39-வது மோட்டார் படைப்பிரிவு திக்வினைப் பிடித்தது. அங்கிருந்து வடக்கே போய் ஸ்விர் ஆற்றங்கரையில் நின்ற பின்லாந்துப் படையோடு கைகோத்தால் லடோகாவும் வளையத்துக்குள் போய்விடும். அப்புறம் ஏரி உறைந்தால் என்ன, உறையாவிட்டால் என்ன! திக்வின் விழுந்த ஐந்தாம் நாள், 12 நாள், இரண்டு தவணையாக ரேஷன் இறங்கியது தற்செயல் அல்ல. வரவு நின்றுபோனதால் பாவ்லோவ் கையிருப்பை இழுத்துப் பிடித்தார்.

திக்வின் போனதும் ரயில் நிற்கும் கடைசி நிலையம் கிழக்கே ஜாபோர்யே ஆனது. அங்கிருந்து நோவயா லடோகாவுக்கு ஜெர்மன் முனையைச் சுற்றிக்கொண்டு, காட்டையும் சதுப்பையும் வெட்டி 300 கிலோமீட்டருக்கு மேல் ஒரு பாதை போட உத்தரவு. கிராமத்து ஜனங்களும் படையினரும் இரண்டு வாரத்துக்குள் போட்டார்கள். பாதை என்று சொல்வதே மிகை. ஒரு லாரிதான் போகும், எதிரே வருவதற்கு ஒதுங்க இடமில்லை. பனியிலும் மேட்டிலும் சிக்கிய வண்டிகளின் எண்ணிக்கை சில நாட்களிலேயே முந்நூறைத் தாண்டியது. போய்த் திரும்ப வாரக்கணக்கு. இந்த வழியை நம்பி லெனின்கிராட் இருந்திருந்தால், 125 கிராமையும் தந்திருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதை முடிந்தது டிசம்பர் 6. டிசம்பர் 9 அன்று திக்வின் மீண்டது.

மீட்டவர் கிரில் மெரெட்ஸ்கோவ். இவர் கதை தனி. போர் தொடங்கியதும் ஜூன் மாதம் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் இவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தது. செப்டம்பரில் வெளியே விட்டு நேராகப் போர்முனைக்கு அனுப்பினார்கள். திக்வின் விழுந்த நேரத்தில் சிதறிக்கிடந்த 4-வது படையைக் கையில் எடுத்து, ஒரு மாதத்தில் ஊரைத் திருப்பிப் பிடித்தார். எதிர்த்தரப்பில் நீண்டு மெலிந்துபோன ஒற்றைப் படைமுனை, மைனஸ் 30-க்குக் கீழே போன குளிர், உறைந்து சுடாத துப்பாக்கிகள், கோட்டில்லாத சிப்பாய்கள். பக்கத்திலேயே பெத்யுனின்ஸ்கியின் 54-வது படை வோல்கோவைக் கைவிடாமல் காத்தது, அதை மறந்துவிடக்கூடாது. வோல்கோவ் போயிருந்தால் திக்வினை மீட்டும் பயனில்லை.

பின்வாங்கிய ஜெர்மானியர் ரயில் பாலங்களை எல்லாம் தகர்த்துவிட்டுத்தான் போனார்கள். அவற்றைத் தற்காலிகமாகக் கட்டி, புத்தாண்டை ஒட்டி ரயில் ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் வோய்போகலோவரை வரத் தொடங்கியது. லாரிக்கு முந்நூறு கிலோமீட்டர் காட்டுச்சுற்று மிச்சம். பிப்ரவரி, மார்ச்சுக்குள் வோய்போகலோவிலிருந்து கோபோனா கரைவரை 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் புது ரயில் பாதையே போட்டார்கள். ரயில் பெட்டியிலிருந்து மூட்டையை நேரே பனிச்சாலை லாரிக்கு மாற்றலாம்.

பனிச்சாலைக்கு வருவோம். கோபோனாவிலிருந்து மேற்குக் கரைக்குப் பனிக்கட்டியின்மேல் சுமார் 30 கிலோமீட்டர். பொறியாளர்கள் கையிலிருந்த விதி எளிது: குதிரையும் ஆளும் மட்டும் போக 10 சென்டிமீட்டர் கனம் வேண்டும், ஒரு டன் ஏற்றிய சறுக்குவண்டியை இழுக்கும் குதிரைக்கு 15, ஒரு டன் ஏற்றிய லாரிக்கு 20. 10 சென்டிமீட்டர் பனிக்கட்டி உருவாக மைனஸ் 5 டிகிரியில் 64 மணி நேரம் ஆகும். மைனஸ் 10-ல் 34. மைனஸ் 15-ல் 23. அதாவது நகரமே குளிர் கூடட்டும் என்று காத்திருந்தது. வீட்டுக்குள் ஆளைக் கொல்லும் அதே குளிர்தான்.

நவம்பர் 20-ல் குதிரைகள் போயின. 22-ல் லாரிகள். எல்லாம் காஸ்-ஏஏ, ஒன்றரை டன் வண்டி. ரஷ்யர்கள் 'பலுத்தோர்கா' என்பார்கள். முதல் நாட்களில் ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று மூட்டைதான். பாரத்தைப் பரப்ப பின்னால் ஒரு சறுக்குவண்டியைக் கட்டி அதிலும் கொஞ்சம் வைத்தார்கள். கதவைத் திறந்தே வைத்து ஓட்டினார்கள். வண்டி இறங்கினால் குதிப்பதற்கு. நவம்பர் 23 முதல் 30 வரை அந்த வழியாக வந்த மாவு 800 டன். முழுகிய லாரிகள் நாற்பது. 800-ஐ 510-ஆல் வகுத்தால் ஒன்றரை நாள். ஒரு வார உழைப்புக்கு ஒன்றரை நாள் ரொட்டி! பனிச்சாலை திறந்ததும் பஞ்சம் தீர்ந்துவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். வண்டி முழுப் பாரம் ஏற்றினாலும் ரொட்டி மாவுக்கு மட்டும் நாளொன்றுக்கு 340 நடை தேவை.

இன்னொரு சிக்கல் கொஞ்ச நாள் கழித்துத்தான் பிடிபட்டது. கனமான பனிக்கட்டியில், குறைந்த பாரத்தோடு போன வண்டியும் சில சமயம் உள்ளே போனது. அதைவிட அதிகப் பாரம் தாங்கிய இடம் அது. லெனின்கிராட் இயற்பியல்-தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த கோபெகோவும் ரைனோவும் பனிக்கட்டி எவ்வளவு வளைகிறது என்று பதிவுசெய்யும் ஒரு கருவி செய்து ஏரியில் வைத்தார்கள். விடை இது: வண்டி போகும்போது பனித்தகடு அதன் அடியில் கிண்ணம்போல் குழிந்து, அந்தக் குழி வண்டியோடு நகர்கிறது. கீழே தண்ணீரிலும் ஓர் அலை எழுகிறது. ஏரி அங்கே ஆழம் குறைவு. அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால், அலை வண்டியை விட்டு விலகாமல் அடியிலேயே வளர்ந்துகொண்டு போய்க் கட்டியைப் பிளந்துவிடும். லடோகாவில் அந்த ஆபத்தான வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் பக்கம். ஓட்டுநருக்கு இயல்பாகக் கால் போய் நிற்கும் வேகமும் அதுதான். அதற்குக் கீழே போ அல்லது சட்டென்று தாண்டிப் போ, முன்வண்டியோடு ஒட்டாதே, இணையாக ஓடி முந்தாதே என்று விதி வந்தது. அதன் பிறகு காரணம் புரியாத மூழ்கல்கள் குறைந்தன.

மற்றபடி பாதை என்பது ஒரே பாதை அல்ல. சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த தடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுத் தடம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். காற்று திரும்பினால் ஏரி நீர்மட்டம் மாறிப் பனிக்கட்டியில் நீண்ட வெடிப்பு விழும். மேலே பலகைப் பாலம். சில நூறு மீட்டருக்கு ஒரு ஆள் விளக்கோடு நிற்பார், பெரும்பாலும் இளம்பெண்கள். 152 நாள் ஓடி ஏப்ரல் 24-ல் மூடியபோது கணக்கு: 3,61,000 டன் சரக்கு, அதில் 2,62,000 டன்னுக்கு மேல் உணவு. ஐந்தரை லட்சம் பேர்வரை வெளியேற்றம். இதில் பெரும்பகுதி ஜனவரிக்குப் பிறகு, அதாவது திக்வின் ரயில் ஓடிய பிறகு.

டிசம்பர் 25 அன்று தொழிலாளிக்கு 350, மற்றவர்களுக்கு 200 என்று ஏற்றியபோது கிடங்கில் சில நாள் மாவுதான் இருந்தது. நகரக் கட்சித் தலைவர் ஜ்தானோவ் எடுத்த துணிச்சலான முடிவு அது. அதற்கு அவருக்குத் தைரியம் கொடுத்தது திக்வின். ஆனாலும் சாவு நிற்கவில்லை. டிசம்பரில் 50,000-க்கு மேல். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்திலும் சேர்த்து 2 லட்சம் பக்கம். உடம்பு ஏற்கனவே தன் கொழுப்பையும் தசையையும் தின்று முடித்திருந்தது. 75 கிராம் கூடுதல் ரொட்டி அதை மீட்காது. குளிர்வேறு. மத்திய வெப்பமூட்டல் நின்றுபோய், அறைக்கு நடுவில் தகர அடுப்பு. எரிக்க மேசை, நாற்காலி, புத்தகம். குழாய் உறைந்து வெடித்தது. நேவா ஆற்றுப் பனியில் துளை போட்டு வாளியில் தண்ணீர். ஜனவரி தொடக்கத்தில் டிராம் ஓட்டமும் முற்றிலும் நின்றது.

ஜனவரி கடைசியில் மாவு இருந்தும் ரொட்டி இல்லாமல் போனது. மின்நிலையத்துக்கு எரிபொருள் இல்லை. மின்சாரம் இல்லாததால் நீரேற்றும் பம்பு நின்றது. தண்ணீர் இல்லாமல் மாவு பிசைய முடியாது. இளைஞர்கள் இரண்டாயிரம் பேர் நேவாவிலிருந்து ரொட்டி ஆலைவரை வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கை மாற்றித் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு பிசைந்தார்கள்.

வெளியேற்றத்தில் நேர்ந்த ஒரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். ஏரியைத் தாண்டிக் கோபோனாவில் இறங்கியவர்களுக்குச் சூடான சூப், ரொட்டி, கொஞ்சம் இறைச்சி தாராளமாகக் கிடைத்தது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு திடீரென்று வயிறு நிறையச் சாப்பிட்டால் தாங்காது. உப்புச் சமநிலை குலைந்து இதயம் நிற்கலாம், குடலும் கைவிடலாம். பலர் அங்கேயே, ரயிலிலேயே இறந்தார்கள். பட்டினியிலிருந்து மீள்பவருக்கு உணவைச் சிறுகச் சிறுகத்தான் கூட்ட வேண்டும் என்ற பாடம் மருத்துவத்தில் போருக்குப் பிறகுதான் ஒழுங்காக எழுதப்பட்டது.

1942 வசந்தத்தில் முதல் பயம் தொற்றுநோய். மார்ச் கடைசி முதல் ஏப்ரல் 15 வரை நடக்க முடிந்த எல்லாரும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக முற்றங்களில் உறைந்திருந்த குப்பையையும் மலத்தையும் வெட்டி அள்ளினார்கள். பத்து லட்சம் டன். கொள்ளைநோய் வரவில்லை. ஏப்ரல் 15 அன்று டிராம் மறுபடி ஓடியது. ஐசக் தேவாலயச் சதுக்கத்தில் முட்டைக்கோஸ் போட்டார்கள். ஜூனில் ஏரியின் அடியில் எரிபொருள் குழாய், செப்டம்பரில் வோல்கோவ் நீர்மின் நிலையத்திலிருந்து ஏரிக்கடியில் மின்கேபிள். இரண்டாவது குளிர்காலம் முதல் குளிர்காலம்போல் இல்லாததற்கு இவை காரணம். வாய்கள் குறைந்துபோயிருந்ததும் காரணம்.

முற்றுகையை உடைக்கும் சண்டைகள் இதற்கிடையே தோற்றுக்கொண்டே இருந்தன. நேவாவின் இடதுகரையில் சின்னதாக ஒரு பிடிமண், நெவ்ஸ்கி பியதச்சோக். 1941 செப்டம்பரில் பிடித்ததை 1942 ஏப்ரலில் இழந்தார்கள், நடுவில் போன உயிர்களுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. லியூபான் தாக்குதலில் சோவியத்தின் 2-வது அதிர்ச்சிப் படை சதுப்பில் சிக்கி அழிந்தது. 1942 ஆகஸ்ட்-செப்டம்பரில் சின்யாவினோ. ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் 11-வது படை வந்து தடுத்தது, ஆனால் நகரத்தைப் பிடிக்க வந்த அந்தப் படை அதிலேயே தேய்ந்துபோனது.

1943 ஜனவரி 12-ல் தொடங்கிய 'இஸ்க்ரா' என்ற முற்றுகை உடைப்புத் தாக்குதல் வென்றதற்கு முக்கியக் காரணம் கோவரோவ் என்பேன். 1942 ஜூனில் லெனின்கிராட் முனையின் தளபதியானவர். பீரங்கிக்காரர், அதிகம் பேசாதவர். உறைந்த நேவாவைத் தாண்டும் இடத்தில் தன் குண்டுகளே பனிக்கட்டியை உடைத்துவிடக்கூடாது என்று சுடும் எல்லையை அளந்து வைத்தார். மறுகரையின் பனிச்சரிவில் ஏற ஏணியும் கொக்கியும் கொடுத்து, நகரத்துக்குள்ளேயே ஆற்றங்கரையில் ஒத்திகை பார்க்க வைத்தார். கிழக்கிலிருந்து மெரெட்ஸ்கோவ். ஜனவரி 18-ல் இரு படைகளும் சந்தித்தன. கிடைத்தது ஏரிக்கரையை ஒட்டி 8 முதல் 11 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. அதற்குள் 33 கிலோமீட்டர் ரயில் பாதையை மூன்று வாரத்துக்குள் போட்டு, பிப்ரவரி 7 அன்று முதல் ரயில் லெனின்கிராட் வந்தது. சின்யாவினோ மேட்டிலிருந்து ஜெர்மன் பீரங்கி அந்தப் பாதையைப் பார்த்தே சுட முடியும். விளக்கில்லாமல் இரவில் ஓட்டினார்கள். தண்டவாளத்தை உடைக்க உடைக்க ஒட்டினார்கள். ரயில்காரர்கள் 'மரண நடைபாதை' என்றார்கள். ஆனால் பிப்ரவரி 22 முதல் ஆலைத் தொழிலாளிக்கு 600 கிராம் ரொட்டி கிடைத்தது. முற்றுகை முழுதாக விலகியது 1944 ஜனவரி 27-ல், 872 நாளுக்குப் பிறகு.

நகரத்தில் இறந்தவர் எண்ணிக்கையாக போருக்குப் பிறகு நாஜித் தலைவர்கள்மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணையில் சோவியத் தரப்பு வைத்தது பட்டினியால் 6,32,253. பின்னால் ஆராய்ந்தவர்கள் அதை 8 லட்சத்திலிருந்து 10 லட்சம்வரை கொண்டுபோனார்கள். முற்றுகைக்காலத்தில் நகரத்தை நடத்திய கட்சிச் செயலாளர் குஸ்னெத்சோவையும் மேயர் பொப்கோவையும் 'லெனின்கிராட் வழக்கு' என்ற பெயரில் 1950 அக்டோபரில் சுட்டுக் கொன்றது ஜெர்மனி அல்ல, ஸ்டாலினின் அரசு. நகரத்தின் முற்றுகை அருங்காட்சியகத்தை 1949-லேயே இழுத்து மூடிவிட்டார்கள். அது மீண்டும் அமைந்தது 1989-ல்.